பச்சை விளக்கு எரிந்த பிறகு

கர்னலின் மூக்கில் அவள் கிளிப்பை மாட்டினாள்.

கொஞ்சம் இறுக்கமாகவே.

"வலிக்குதா சார்?"

இல்லை என்று தலையாட்டினார். வலித்திருக்கும். பட்டாளத்துக்காரர், லேசில் ஒப்புக்கொள்ள மாட்டார்.

மூச்சை அளக்கும் கருவியில் புது அட்டைக்குழலைச் செருகி அவர் கையில் கொடுத்தாள். அந்தக் கையை அவளுக்குத் தெரியும். நோய் பட்டாள வேலையால் வந்ததா என்று முடிவுசெய்யும் மெடிக்கல் போர்டு நடந்த அறையில், மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த டாக்டரின் கை. அவள் கணவன் ஹவில்தார் தசரதன் இதே மாதிரி ஒரு குழலை ஊதி, முடியாமல் இருமிக்கொண்டிருந்தான். அந்தக் கை பேனாவைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது.

"நடிக்கிறான். இன்னொரு தடவை ஊதச் சொல்லு."

அதைச் சொன்ன வாயில்தான் இப்போது குழல் இருந்தது.

அவருக்கு அவளை அடையாளம் தெரியவில்லை. கதவுக்கு வெளியே நின்ற ஒரு ஹவில்தார் பெண்டாட்டியின் முகத்தை எந்தக் கர்னல் ஞாபகம் வைத்திருப்பார்?

அவளாகத் தேடி வரவில்லை. முன்னாள் ராணுவத்தினரின் நுரையீரல் எப்படி இருக்கிறது என்று வேலூர்ப் பக்கம் ஓர் ஆராய்ச்சி நடக்கிறது. வீடு வீடாகப் போய்க் கேள்வி கேட்கவும், ஊதவைத்து அளக்கவும் பட்டாளத்துக் குடும்பத்துப் பெண்களையே எடுத்துப் பயிற்சி கொடுத்தார்கள். யார் வீட்டுக்குப் போவது என்பதைக் கம்ப்யூட்டர் குலுக்கிப் போடும். குலுக்கலில் விழுந்த பெயரை அவள் இரண்டு தடவை படித்தாள்.

பிறகு வயிறு குளிர்ந்தது.

தெரிந்தவர் வீடென்றால் வேறு ஆளை அனுப்ப வேண்டும் என்பது விதி. யாரென்றே தெரியாது என்று சொல்லிவிட்டுத்தான் கிளம்பினாள்.

கேள்விகளை ஏற்ற இறக்கமில்லாமல் கேட்க வேண்டும். முகத்தில் எதையும் காட்டிக்கொள்ளக் கூடாது. பயிற்சியில் முதல் பாடமே அதுதான். வந்து உட்கார்ந்ததும் அப்படித்தான் கேட்டாள்.

புகைபிடித்ததுண்டா?

தொட்டதே இல்லை என்றார்.

மூடிய அறையில் மண்ணெண்ணெய் அடுப்புப் புகையோடு தங்கியதுண்டா?

"மலை மேல போஸ்டிங்னா எல்லாருக்கும் அதாம்மா கதி. அந்தப் பனியில அடுப்பு இல்லாம எவன் பொழைப்பான்? காலையில துப்புனா கருப்பா வரும்."

தசரதனும் இதையேதான் சொன்னான். கருப்பா வருது சார், என்று.

பீடிப் பழக்கம் என்று எழுதினார் இவர். பணியால் வந்த நோயல்ல என்று எழுதினார். பக்கத்தில் எவனாவது பீடி பற்றவைத்தால் எழுந்து போய்விடுகிற மனிதன், பீடிக்காரன் என்ற பெயரோடும் நடிகன் என்ற பெயரோடும் செத்தான். அவளால் அதை மட்டும் செரிக்க முடியவில்லை.

முகத்தில் ஒன்றும் காட்டாமல் கருவியின் திரையில் 'ஆம்' என்ற கட்டத்தைத் தொட்டாள்.

அடக்கமெல்லாம் கேள்விக்குத்தான். ஊதும்போது அப்படி இல்லை. நெஞ்சில் இருக்கிற காற்றெல்லாம் வெளியே வந்தால்தான் அளவு சரியாக இருக்கும். அதனால் பக்கத்தில் நின்று கத்த வேண்டும். கத்துவதற்கென்றே தனிப் பயிற்சி கொடுத்தார்கள். மற்றப் பெண்கள் கூச்சப்பட்டார்கள்.

அவளுக்குக் கூச்சமே வரவில்லை.

"இழுங்க, நல்லா இழுங்க! ஊதுங்க! ஊதுங்க, ஊதுங்க, விடாதீங்க, இன்னும், இன்னும்!"

கர்னலின் கழுத்து நரம்பு புடைத்தது. கண்ணில் நீர் கட்டியது. கர்னலை அதட்டுவதற்குச் சம்பளமும் கொடுக்கிறார்கள். இப்படி ஒரு வேலை யாருக்குக் கிடைக்கும்?

இரண்டாவது தடவை பாதியிலேயே இருமல் வந்தது. சமாளித்து ஊதி முடித்தார்.

மூன்றாவது தடவை நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு ஊதினார். குழலை எடுத்ததும் மூச்சு வாங்கியது.

"சரியா ஊதலைன்னு போட்டுடாதம்மா. நெஜமாவே காத்து வரல."

திரையில் இரண்டு கட்டங்கள் காத்திருந்தன. சரியான முயற்சி. முயற்சி போதாது.

அவள் விரல் இரண்டாவது கட்டத்தின் மேல் நின்றது.

அதைத் தொட்டால் போதும், இவரையும் நடிகராக்கிவிடலாம். ஆனால் இவர் ஆராய்ச்சியிலிருந்தே விழுந்துவிடுவார். புகையிலையைத் தொடாத, மலை மேல் அடுப்புப் புகையை மட்டும் குடித்துக் கெட்டுப்போன நெஞ்சு இது. தசரதனுக்குச் சாட்சி சொல்ல இதைவிட நல்ல நெஞ்சு எங்கே கிடைக்கும்?

சரியான முயற்சி என்ற கட்டத்தைத் தொட்டாள்.

பச்சை விளக்கு எரிந்தது. பச்சை எரிந்துவிட்டால் அளவு சரி, சோதனை முடிந்தது. கிளிப்பைக் கழற்றிவிட வேண்டும். முடியாதவர்களை வாட்டக் கூடாது என்று பயிற்சியில் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தார்கள்.

கர்னலின் மனைவி வாசற்படியில் வந்து நின்றாள். முந்தானையை வாயருகே பிடித்திருந்தாள்.

"போதுமாம்மா? அவருக்கு முடியல."

அன்று மெடிக்கல் போர்டு அறைக் கதவில் நின்று தசரதனுக்காக அவளும் இதையேதான் சொன்னாள். அப்போது யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அந்த அம்மாள் மேல் அவளுக்குக் கோபமில்லை. அதுதான் சங்கடமாக இருந்தது. திரும்பி, அந்த முகத்தை நன்றாகப் பார்த்தாள்.

பிறகு திரையைத் தன் பக்கம் திருப்பி, பச்சை விளக்கைக் கட்டைவிரலால் மூடிக்கொண்டாள்.

"இன்னொரு தடவை ஊதுங்க சார்."