ஒன்பதாவது குட்டி

ஜனவரி பதினொன்றாம் தேதி, பெருந்துறைக்குத் தெற்கே ஒரு வெண்பன்றிப் பண்ணையில் வேலை செய்யும் ரோஸ்லினுக்கு ஃப்ளூ காய்ச்சல் என்று உறுதியானது. அது பன்றிகளுக்கும் தொற்றும் என்பதால், குணமாகும்வரை அவள் கொட்டகைக்குள் வரக்கூடாது என்றார் கால்நடை மருத்துவர்.

மறுநாள் மதியம் ஒரு தாய்ப்பன்றி ஈன்றது. ரோஸ்லின் முகக்கவசத்தோடு கம்பிவேலிக்கு வெளியே தள்ளி நின்று பார்த்தாள். ஒன்பதாவது குட்டி மூச்சில்லாமல் பிறந்தது. அப்படிப் பிறப்பவற்றின் மூக்கில் வாய்வைத்து ஊதிப் பிழைக்க வைப்பது எப்போதும் அவள்தான்.

"சளியத் தொடைச்சுட்டு ஊதுங்கண்ணா."

மேலாளர் சென்னியப்பன் குட்டியை முகத்தருகே கொண்டுபோனார். இரண்டு முறை முயன்றார்.

"கொமட்டுது புள்ள."

"கறி திங்கையில கொமட்டலீங்களா?"

குட்டியின் மூக்கு நீலம் பாரித்தது. அவர் எழுந்து வந்து வேலிக்கு மேலாக அதை நீட்டினார்.

"டாக்டரு வேண்டாம்னாருங்களே."

"நான் அந்தப் பக்கம் பாக்கலே."

அவள் முகக்கவசத்தைக் கழற்றினாள். மூன்றாவது ஊதலில் குட்டி கத்தியது. சென்னியப்பன் அதை வாங்கிப்போய்த் தாயின் மடியில் விட்டார்.

மூன்றாம் நாள் காலையில் குட்டி முட்டி முட்டிப் பால் குடித்தது. தாய் இருமியது.