விரட்டியும் போகாத மைனா

கோடையில் குளம் வற்றிக் கலங்கியதும், காட்டு விலங்குகளின் குட்டிகள் ஒவ்வொன்றாக வயிற்றுப்போக்கில் துவண்டன. "குளத்துத் தண்ணி வேண்டாம், பாறை ஊற்றுக்குப் போங்க" என்று மைனா ஒவ்வொரு விலங்கின் வளைக்கும் போய்ச் சொன்னது. அதற்குள், ஊற்றுத் தண்ணீர் குடித்தால் உடம்பிலுள்ள முடியும் முள்ளும் கொட்டிப்போகும் என்று யாரோ கிளப்பிவிட்ட பேச்சு காடெங்கும் பரவிவிட்டது. முள்ளம்பன்றி அதை அப்படியே நம்பியது. முள் இல்லாத குட்டியை நரி சும்மா விடுமா?

மைனா வந்தபோது அது முள்ளைச் சிலிர்த்துக்கொண்டு நின்றது. "என் குட்டிக்கு ஏற்கெனவே முடியல. நீ வேற பயமுறுத்தாதே, போ!"

மைனா போகவில்லை. "உங்களுக்கு என்னக்கா பயம்? சொல்லுங்க, கேக்கிறேன்" என்று எதிரே உட்கார்ந்தது. முள்ளம்பன்றி எல்லாவற்றையும் கொட்டித் தீர்க்கும்வரை அது குறுக்கே பேசவில்லை. பிறகு, "முதல்ல நீங்க குடிச்சுப் பாருங்க. முள் கொட்டலன்னா குட்டிக்குக் கொடுங்க" என்றது.

முள்ளம்பன்றி குடித்தது. ஒரு முள்ளும் கொட்டவில்லை. ஊற்றுத் தண்ணீர் உள்ளே போகப்போகக் குட்டி கண் விழித்தது, மெல்ல எழுந்து நடந்தது.

மைனா மறுபடி வந்தபோது முள்ளம்பன்றி வளை வாசலுக்கே ஓடி வந்தது. "அன்னிக்கு நான் விரட்டியும் உக்காந்தியே, அதை மறக்கவே மாட்டேன்."

மைனா ஏதோ சொல்ல வாயைத் திறந்தது. பேசிப் பேசித் தொண்டை கட்டியிருந்ததால் வெறும் காற்றுதான் வந்தது.

"நீ இங்கேயே படு" என்றது முள்ளம்பன்றி. "முயல் இன்னும் குளத்துத் தண்ணியைத்தான் குடிக்குது. அதோட வளைக்கு நான் போய்ச் சொல்லிட்டு வரேன்."