இருநூற்றுப் பன்னிரண்டாம் மரம்

ஓக் மரக் கிளை விழுந்து தபால்காரி ரோசலினின் இடுப்பெலும்பு நொறுங்கிப் போனது. சாக்ரமென்டோவில் அந்த மரம் நின்ற குடியிருப்பின் சங்கத்தின் மேல் அவள் வழக்குப் போட்டாள். சங்கத்தின் வக்கீல் மார்சி, தன் பக்கம் சாட்சி சொல்ல மர நிபுணர் லிண்ட்கிரனை அந்த மரத்தடிக்கு அழைத்து வந்திருந்தாள்.

"காத்து அடிச்சுது, கிளை விழுந்துச்சு. கடவுள் மேல கேஸ் போடச் சொல்லுங்க அந்தம்மாவை!" என்று கொதித்தார் சங்கத் தலைவர் வென்டல். "இந்த மரத்தை எந்த நிபுணரும் சோதிச்சதில்லைன்னு கோர்ட்டுக்கே சத்தியம் பண்ணி எழுதிக் குடுத்திருக்கேன்."

"அநியாயமான கேஸ்தான்," என்றாள் மார்சி. அவளுக்கும் ஆத்திரமாக இருந்தது. "கிளை உள்ளே உளுத்திருந்தது யாருக்கும் தெரிஞ்சிருக்க வாய்ப்பில்லை. நீங்க அதைச் சொன்னாப் போதும், லிண்ட்கிரன்."

லிண்ட்கிரன் மரத்தைச் சுற்றி வந்தார். ஓரிடத்தில் பட்டையை உளியால் பெயர்த்தார். மரம் பாதி விழுங்கிய அலுமினியத் தகடு ஒன்று தெரிந்தது. அதில் 212 என்ற எண்.

"சோதிச்ச மரத்துக்கு இப்படித்தான் நம்பர் அடிப்போம்."

"எவனாவது விளையாட்டுக்கு அடிச்சிருப்பான்!"

"நான்தான் அடிச்சேன், வென்டல். எட்டு வருஷம் ஆச்சு. இங்க இருநூத்துக்கும் மேல மரத்தைச் சோதிச்சேன். கிளை விழுந்தது நான் எச்சரிச்ச மரத்துலதானான்னு பாக்கத்தான் இன்னிக்கு வந்தேன். இதோட தெருப்பக்கக் கிளையை உடனே வெட்டுங்கன்னு அப்பவே அறிக்கை அனுப்பினேன். நீங்க கையெழுத்துப் போட்டு வாங்கின ரசீது என்கிட்ட இருக்கு."

வென்டல் மார்சியின் பக்கம் திரும்பிக் குரலைத் தணித்தார். "நாமதானே இவரைக் கூப்பிட்டோம்? வாயை மூடிட்டு இருக்கச் சொல்லு."

மார்சி வழக்குக் கோப்பை மூடினாள்.

"கோர்ட்டுக்கு எழுதிக் குடுத்த உங்க பொய்க்குக் கீழே வக்கீலா என் கையெழுத்தும் இருக்கு, வென்டல். அதை வாபஸ் வாங்க நான் கோர்ட்டுக்குப் போறேன். நீங்க வேற வக்கீலைத் தேடிக்குங்க."