பதினொரு தூண்கள்ளிகள்

புயலில் தூண்கள்ளி முறிந்து விழுந்தபோது, தோட்டக்காரி சேர்மக்கனி அதைப் பதினொரு துண்டுகளாக அறுத்தாள். வெட்டுவாய் காயப் பத்து நாள் நிழலில் போட்டுவைத்து, பிறகு நட்டாள். அது பிறந்த மலையைக் கல்லுக்காக உடைத்துவிட்டார்கள். வேறெங்கும் அந்த இனம் இல்லை. பதினொன்றும் வேர்பிடித்து இரண்டாள் உயரம் வளர்ந்தன. வருடாவருடம், உச்சியில் வெள்ளை ரோமம் அடர்ந்த பக்கத்தில் பூ விரியும். அவள் ஏணியில் ஏறி, தூரிகையால் ஒன்றின் மகரந்தத்தை இன்னொன்றில் தடவுவாள். பதினெட்டு வருடத்தில் ஒரு காய்கூடப் பிடிக்கவில்லை. தன் கைக்குத்தான் ராசியில்லை என்று நொந்துகொள்வாள்.

இந்த வருடம் கள்ளிகளை ஆராய ஒரு பெண் வந்தாள்.

"உங்க கையில குத்தமில்லக்கா. எல்லாம் ஒரே செடியோட துண்டுதானே? இதோட மகரந்தம் இதுக்கே சேராது. விதையில மொளச்ச வேறொண்ணு வேணும்."

சேர்மக்கனி பதினொன்றையும் ஒருமுறை பார்த்தாள்.

"அப்பம் இத்தன வருசமும் இது ஒத்தையாவா நின்னிருக்கு?"



சாயங்காலம் ஒரு மொட்டு அவிழத் தொடங்கியது. சேர்மக்கனி தூரிகையைக் கீழேயே வைத்துவிட்டு ஏணியில் ஏறினாள். முள்ளில்லாத இடமாகப் பார்த்துத் தண்டின்மேல் உள்ளங்கையை வைத்தாள். பூ முழுக்க விரிந்த பிறகும் கையை எடுக்கவில்லை.