மரத்தடிக் கட்டில்

"புள்ளத்தாச்சிப் பொண்ணை இப்படி வெளியில போட்டிருக்கியே, நீயெல்லாம் ஒரு மாமியாரா?"

முற்றத்தில் கால் வைத்ததுமே தமாரி ஆரம்பித்துவிட்டாள். மூன்று வாரம் தங்கச்சி வீட்டில் இருந்துவிட்டு அன்று காலைதான் தோடோமா பஸ்ஸில் வந்து இறங்கியிருந்தாள். சேதி கேட்டதும், இடுப்பு முடிச்சில் இருந்த தீப்பெட்டியைக்கூட எடுத்து வைக்காமல், மரிதாவையும் பெரிசியையும் கூட்டிக்கொண்டு ஓடி வந்தாள். சர்ச் மாதர் சங்கத் தலைவி ஆயிற்றே!

ஆனைப்புளி மரத்தடியில் ஒரு கட்டில். மேலே கொசுவலை. அதில் உட்கார்ந்து கடலை உரித்துக்கொண்டிருந்தாள் ஆனேத். ஏழு மாசம். புருஷன் லாரியோடு எல்லை தாண்டிப் போகிறவன். பிரசவத்துக்குத் தாரெஸ்ஸலாம் பட்டணத்திலிருந்து அவளைத் தன் அம்மாவிடம் அனுப்பியிருந்தான்.

அந்த அம்மா செச்செலேலா, தலை நிமிராமல் மாவு சலித்துக்கொண்டிருந்தாள்.

"ஆஸ்பத்திரிக்குப் போற வரைக்கும் அவ என் வாசப்படியை மிதிக்கக் கூடாது. அவ்வளவுதான்."

"ஏன், பட்டணத்துக்காரின்னா தீட்டா?" என்றாள் மரிதா.

"கட்டில் காலுக்கு மண்ணெண்ணெய் டப்பா வேற! எறும்புகூட அண்டக் கூடாதாம்!" என்றாள் பெரிசி.

தமாரிக்கு ரத்தம் கொதித்தது. "ஆனேத், எழுந்திரு. பையை எடு. நம்ம வீட்டுக்கு வா. மண் வீடுதான். ஆனா மனுஷங்க இருக்கிற வீடு."

செச்செலேலா சல்லடையைக் கீழே வைத்தாள்.

"தாராளமாக் கூட்டிட்டுப் போ. ஆனா அவ வயித்துல கை வச்சு, 'எங்க வீட்டுத் தரையில உண்ணி இல்லை'ன்னு சொல்லிட்டுப் போ."



போன மாசம் பள்ளிக்கூடத்தில் கூட்டம் போட்டுச் சுகாதார ஆபீசர் தொண்டை வறளச் சொன்னார். மாட்டு உண்ணி இல்லை இது. மண்தரை வெடிப்பில் குடியிருக்கிற ஜாதி. விளக்கணைந்ததும் வரும், அரை மணி குடிக்கும், போய்விடும். வலிக்காது. வருஷக்கணக்கில் பட்டினி கிடந்தும் சாகாது. காய்ச்சல் மூணு நாள் அடித்து, ஓய்ந்து, வாரம் கழித்துத் திரும்பவும் அடிக்கும். கடிபட்டே வளர்ந்த உடம்பு ஒருவாறு தாங்கும். வெளியூரிலிருந்து வந்த புள்ளத்தாச்சி என்றால், வயிற்றில் இருப்பது தங்குவது கஷ்டம்.

"யார் வீட்டுல இருக்கு? கை தூக்குங்க. மருந்தடிக்க ஆள் அனுப்பறேன்."

ஒரு கையும் எழவில்லை. தமாரிதான் எழுந்து, "ஐயா, எங்களுது சுத்தமான ஊர்" என்றாள். எல்லோரும் கை தட்டினார்கள். மருந்து அடுத்த ஊருக்குப் போயிற்று.

"அன்னைக்கு நானும்தான் தூக்கலை" என்றாள் செச்செலேலா. "அதுக்குத்தான் இப்ப கழுதைப்புலிக்குத் தடி வச்சுக்கிட்டு இங்க படுத்திருக்கேன்."

அப்போதுதான் கட்டிலுக்குக் கீழே கிடந்த பாயும் தடியும் தமாரியின் கண்ணில் பட்டன.

"எங்க வீட்டுக்கு மச்சினர் வராரு, இடம் பத்தாது" என்று முணுமுணுத்தாள் மரிதா.

"எங்க கூரை ஒழுகுது" என்றாள் பெரிசி.

"மழை பெஞ்சு நாலு மாசமாச்சேடி!" என்றாள் செச்செலேலா.

தமாரி விடவில்லை. "எங்க வீட்டுல உண்ணியா? தேடினாலும் கிடைக்காது!"

சண்டையைத் தணிக்க ஆனேத் எழுந்தாள். "இருங்க, டீ போடறேன். அத்தை, தீப்பெட்டி தீர்ந்துபோச்சு... சித்தி, உங்க இடுப்புல இருக்கே, அதைக் குடுங்க."

தமாரி இடுப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். "அதுல... குச்சி இல்லம்மா."

மரிதாவும் பெரிசியும் அவசரமாக மரத்தை அண்ணாந்து பார்த்தார்கள். அந்த ஊரில் அப்படி ஒரு பெட்டி இல்லாத வீடு ஏது? வெளியூரில் தங்கப் போனால், சொந்த வீட்டு உண்ணியைக் கொஞ்சம் அடைத்துக்கொண்டு போய் அங்கேயும் கடிக்க விட்டுக்கொள்வார்கள். இல்லையென்றால் ரத்தம் அந்தக் கடியை மறந்துவிடுமாம். திரும்பி வந்ததும் காய்ச்சல் ஆளைச் சாய்த்துவிடுமாம்.

"எத்தனை கொண்டுபோனே?" என்றாள் செச்செலேலா.

"...அஞ்சு."

"சுத்தமான ஊருதான்!"

மற்ற இருவரும் அடுப்பில் வேலை இருப்பதாகச் சொல்லி நழுவினார்கள். தமாரி மட்டும் நின்றாள். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"அக்கா, என் மூத்த மருமகளுக்கும் அஞ்சு மாசம். ஞாயித்துக்கிழமை பட்டணத்துலேர்ந்து வரா. இங்க இன்னொரு கட்டிலுக்கு இடம் இருக்குமா? ஊர்ல கேட்டா, ஆனேத்துக்குத் துணைக்கு அனுப்பினேன்னு சொல்லிக்கறேன்."

செச்செலேலா சல்லடையைக் கையில் எடுத்தாள்.

"வரச் சொல்லு. ஆனா மரத்துக்கு அந்தப் பக்கம்தான். இந்தப் பக்கம் மரிதா தன் மருமகளுக்கு நேத்தே சொல்லி வச்சுட்டா."