மூன்றாவது ஜாதிக்காய்ப் பெட்டி

ஜூ டவுனில் அனந்தலக்ஷ்மி மாமியின் பழம்பொருள் கடைக்கு ஸுப்ரியாதான் வெப்சைட் செய்தாள். கண்ணாடிக்கு விரிசல், பூட்டுக்குச் சாவி, மசாலாப் பெட்டிக்கு வாசனை என்று பொருளுக்குப் பொருள் விவரம் மாறும். அதனால் எந்த விவரத்தையும் எந்தப் பெயரிலும் சேர்க்கலாம் என்று விட்டிருந்தாள். அவற்றுக்குள் தேடும் வசதிதான் இல்லை. இன்று அதைச் சேர்த்துவிட்டு, வாசனை ஜாதிக்காய் என்று தேடினாள்.

மூன்று பெட்டிகள் வந்தன.

"ரெண்டுதானே உண்டு?" என்றாள் மாமி.

மூன்றாவதை இன்று காலை அனந்தலக்ஷ்மி சேர்த்ததாகத் திரை காட்டியது.

"நானா? அந்தக் காய்ச்சலுக்கு அப்பறம் ரெண்டு வருஷமா நேக்கு ஒரு வாசனையும் தெரியலையேடி. பெட்டி வாங்கறதையே நிறுத்தியாச்சு."

படத்தில் கண்ட பெட்டி அலமாரியின் அடித்தட்டில் இருந்தது. மாமி அதை மடியில் வைத்துத் திறந்தாள். உள்ளே ஒன்றுமில்லை. குனிந்து மோந்து பார்த்தாள். பிறகு வாசல் பக்கம் திரும்பினாள்.

"சாயாக்கடையில பால் அடிப்பிடிக்கறது. ஓடிப்போய்ச் சொல்லுடி."

ஸுப்ரியா ஓடினாள். சாயாக்கடைச் சேட்டன் அவசரமாக அடுப்பை அணைத்தார்.

திரும்பி வந்து மறுபடி தேடினாள். இரண்டு பெட்டிகள்தான் வந்தன. மூன்றாவது, மாமியின் மடியில் இன்னும் திறந்திருந்தது.