வீட்டில்தான் சொன்னார்கள்

"கல்யாணம் எப்பம்மா?"

வேறு யாரையோ கேட்கிறார் என்று நினைத்து அவள் பின்னால் திரும்பிப் பார்த்தாள். ஸ்டேஷன் வாசலில் ஒரு நாய் படுத்திருந்தது. வேறு யாரும் இல்லை.

"யாருக்கு சார்?"

"உனக்குத்தான்," என்றார் ஏட்டு.

அவள் சிரித்துவிட்டாள்.

லாரி ஓட்டப் போன புருஷன் பாலத்திலிருந்து வண்டியோடு விழுந்தபோது பிள்ளை வயிற்றில் இருந்தது. ஆதரவற்ற விதவைகளுக்கான ஒதுக்கீட்டில்தான் போலீஸ் வேலைக்கு மனுப் போட்டிருந்தாள். எழுத்துத் தேர்வு முடிந்தது. ஓட்டம் முடிந்தது. நீளம் தாண்டுவதில் முழங்கால் தோல் உரிந்து, அதுவும் முடிந்தது. ஆள் எப்படி என்று ஊரில் வந்து விசாரிப்பது மட்டும்தான் மிச்சம். போன வாரம் அவள் வேலைக்குப் போயிருந்த நேரத்தில் இந்த ஏட்டுதான் வீட்டுக்கு வந்து விசாரித்துவிட்டுப் போனார்.

"மறுகல்யாணம் முடிவாயிட்டுன்னு சொன்னாங்களே. கிரவுண்டுல ஓட்டம் பழக்குற வாத்தியார்தானாமே மாப்பிள்ளை. அப்படின்னா இந்த கோட்டாவுல நீ வர முடியாதும்மா."

சிரிப்பு முகத்திலேயே நின்றது. அதை என்ன செய்வதென்று தெரியவில்லை.

"யார் சார் சொன்னது?"

ஏட்டு பேனாவை மூடினார்.

"வீட்டுலதான் சொன்னாங்க."

வீட்டில் அவள் இருக்கிறாள்.

மூன்று வயதுப் பிள்ளை இருக்கிறது.

மதினி இருக்கிறாள்.

"நாளைக்குள்ள அவங்களையே கூட்டிட்டு வந்து இல்லன்னு சொல்ல வை. நான் எழுதி அனுப்பிட்டேன்னா பிறகு என் கையில இல்ல."

வெயிலில் நடந்தாள்.

மதினி, புருஷனுக்கு அக்கா. சண்முகக்கனி என்று பேர். குழந்தை இல்லையென்று கட்டியவன் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனதிலிருந்து தம்பி வீட்டோடு இருந்தவள். தம்பி செத்த பிறகும் இருந்தாள். பிள்ளைக்கு கனிஷ்கா என்று வைத்தபோது, அதில் தன் பேரும் இருக்கிறதென்று தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

அவள் ஓடப் போன காலைகளில் பிள்ளையை வைத்துக்கொண்டது மதினிதான். திரும்பி வருவதற்குள் முட்டை அவித்து வைப்பாள். கணுக்கால் வீங்கினால் வெந்நீர் ஒற்றுவாள்.

"நீ காக்கி போட்டு நடந்து வாரத இந்தத் தெரு பாக்கணும் ஏட்டி."

அப்படித்தான் சொல்வாள்.

வாத்தியாரைப் பற்றியும் மதினியிடம் மட்டும்தான் பேசியிருக்கிறாள். நல்ல மனுஷன், யாரையும் வையமாட்டார் என்று ஒருநாள் சொன்னாள். அவ்வளவுதான்.

வீட்டில் மதினி பிள்ளைக்குத் தலை சீவிக்கொண்டிருந்தாள்.

அவள் வாசல்படியிலேயே நின்றாள்.

"ஏட்டுகிட்ட என்ன மதினி சொன்னிய?"

சீப்பு நின்றது.

நான் ஒன்றும் சொல்லவில்லையே என்று மதினி சாதித்திருக்கலாம். அவர் தப்பாகக் கேட்டிருப்பார் என்று சொல்லியிருக்கலாம். வழியெல்லாம் அவள் அதைத்தான் வேண்டிக்கொண்டு வந்தாள். என்ன சொன்னாலும் நம்பிவிடத் தயாராக இருந்தாள்.

"நீ தேறமாட்டன்னுல்லா நெனச்சேன்," என்றாள் மதினி.

சீப்பு மறுபடி நகர்ந்தது.

"வேலை கெடச்சா பிள்ளையத் தூக்கிக்கிட்டு எந்த ஊருக்கோ போயிருவ. எனக்கு யாரு இருக்கா?"

அவளுக்கு அந்த முட்டைகள் ஞாபகம் வந்தன. தேறமாட்டாள் என்று நினைத்துக்கொண்டே அவித்த முட்டைகள். உரித்து, உப்புத் தொட்டு, கையில் கொடுத்தவை.



அவள் கத்தவில்லை. குடத்தில் தண்ணீர் மொண்டு குடித்தாள். காலையில் கிளம்பி இருங்கள் என்று மட்டும் சொன்னாள்.

அன்றைக்கு அந்த அடுப்பில் அவளுக்கொன்று, மதினிக்கொன்று என்று இரண்டு உலை கொதித்தது.

மறுநாள் மதினி பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஸ்டேஷனுக்கு வந்தாள். ஏட்டு உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"நான் சொன்னது பொய்யி சார். அவளுக்கு அப்படி ஒண்ணும் கெடையாது. தங்கமான பிள்ளை."

குரல் நடுங்கவில்லை. அந்தப் பொய்யையும் இதே குரலில்தான் சொல்லியிருப்பாள் என்று அவளுக்குத் தோன்றியது.

ஏட்டு இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். ஏன் என்று கேட்கவில்லை. எழுதினார். மதினியிடம் கையெழுத்து வாங்கினார். இனி ஒன்றும் பயமில்லை, போய் வா என்றார்.

அவர்கள் திரும்பும்போது சும்மா கேட்பதுபோல்தான் கேட்டார்.

"டிரெய்னிங் ஏழு மாசம் அங்கேயே தங்கணுமேம்மா. பிள்ளைய யாரு பாத்துக்கிடுவா?"

அவளுக்கு அம்மா இல்லை. அண்ணன் ஒருவன் இருந்தான். புருஷன் செத்த துஷ்டிக்கு வந்தவன், அவள் இங்கேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டு பஸ் ஏறியவன்தான்.

மதினி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லவில்லை.

ஏட்டு காத்திருந்தார்.

"இவுங்கதான் சார்," என்றாள் அவள்.

மதினி நிமிர்ந்தாள்.

அவள் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. வாசலுக்கு வந்ததும் பிள்ளையை வாங்கக் கை நீட்டினாள்.

கனிஷ்கா வரமாட்டேன் என்று மதினியின் கழுத்தைக் கட்டிக்கொண்டது.